மாங்கொட்டைப் பொடியும் மத்தூர்க்காரர் ஐவரும்

போன மாதம் ஒரு காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். குரலில் தயக்கமும் சிரிப்பும் சரிபாதியாக இருந்தன.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். இப்ப நாங்க ஒரு இன்ஹேலர் ஆராய்ச்சி பண்றோம். அதுக்கு நம்ம பழைய ஃபாரத்தையே எடுத்து வெச்சிருக்காங்க. அதுல பதினாலாவது கேள்வி, 'வீட்டில் மாங்கொட்டைப் பருப்பு சாப்பிட்டீர்களா?'ன்னு இருக்கு. பேஷண்டுங்க எல்லாம் சிரிக்கிறாங்க. இது எப்படி உள்ள வந்துச்சுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

அந்தக் கேள்வியை எழுதியவள் நான்தான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கல்லில் இருந்த தோசை கருகும்வரை அவளுக்குப் பாதிக் கதை சொன்னேன். மீதியை எழுதித் தரச் சொன்னாள். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். மதுரையில் நர்சிங் படித்தேன். கல்யாணமாகி, கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். பால்காரர் தெலுங்கு, பக்கத்து வீடு கன்னடம், கம்பெனி பஸ்ஸில் ஏறினால் திருநெல்வேலி. ஆறு மாதத்தில் மூன்று மொழியிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். முதல் பத்து வருஷம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்தேன். நசுங்கிய விரலுக்குக் கட்டுப்போடுவதும், நசுங்காத விரலைக் காட்டி லீவு கேட்பவர்களைத் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. இரண்டாவதுதான் கஷ்டமானது.

பிறகு ஓசூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு மாறினேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டாக்டர் பத்மாவதி. ஐந்தடிக்கும் குறைவான உயரம். சேலைக்குக் கீழே எப்போதும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் 'சந்திரா'. தவறு செய்தால் 'சந்திரா சிஸ்டர்'. பெரிய தவறு என்றால் 'மேடம்'. "மேடம், நீங்க கொஞ்சம் தயவுபண்ணி இங்க வர முடியுமா?" என்று அவர் கேட்டால், வராந்தாவில் இருப்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் ஆராய்ச்சி என்றால் காகிதம்தான். பதிவேட்டில் தப்பாக எழுதினால் கிறுக்கி மறைக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு; பக்கத்தில் சரியானது; கையெழுத்து, தேதி. கோட்டுக்கு அடியில் இருக்கும் தப்பைப் படிக்க முடியவேண்டும். ஒருமுறை என் மேஜை டிராயரில், எழுத்தின் மேல் பூசி மறைக்கும் வெள்ளை மை பாட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து, "இது எதுக்கு மேடம்? நகத்துக்குப் பூசறதுக்கா?" என்று கேட்டார். அன்று மாலையே அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஹெல்மெட்டில் பெயர் எழுதிக்கொண்டார்.

இப்போது மாங்கொட்டைக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழக்கூழ் ஆலைகள் உண்டு என்றால் அவற்றின் பின்னால் மாங்கொட்டை மலைகளும் உண்டு. அந்தப் பருப்பின் சாரத்தைப் பொடியாக்கி, சத்துணவாகக் கொடுத்தால் நுரையீரல் தழும்பு நோய்க்காரர்களுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகுமா என்று பார்க்க, பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. இந்த நோயில் நுரையீரல் ஆறிய புண்ணின் வடுவைப் போல இறுகிவிடும். இழுத்தால் விரியாது. வடுவை அழிக்க மருந்து கிடையாது. எங்கள் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் பல வருஷம் தூசியை விழுங்கியவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள்.

ஆராய்ச்சியின் விதி இது. பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வாசனையில் ஒன்றுமில்லாத பொடி. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி முடிவாகும். நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. விடை முத்திரை வைத்த உறைகளில் இருக்கும். ஆளுக்கு மாதம் அறுபது பாக்கெட். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலி உறைகளையும் மிச்சத்தையும் அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நான் எண்ணிப் பார்ப்பேன்.

சேர்ந்தவர்களில் ஐந்து பேர் மத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். மாதம் ஒருமுறை ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் இருமுவார்கள். அவர்களுக்குத் தலைவர் வெங்கடப்பா. ஐம்பது வயதைத் தாண்டியவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். காற்றுக்காகப் பாதி வாக்கியத்தில் நிற்க வேண்டியிருந்தாலும் பேச்சைக் குறைக்காதவர்.

முதல் நாள் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் வெங்கடப்பா கேட்டார்.

"மாங்கொட்டைங்களாம்மா? எங்க ஊருல பன்னி கூட தின்னாம ஒதுக்குமே."

"அதோட சாரம்ங்க. சுத்தம் பண்ணிப் பொடியாக்கினது."

"செரி. எனக்குக் குடுக்கறது நெசமா, பொய்யா?"

"எனக்கே தெரியாதுங்க."

"அம்மா டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

அவர் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்தார். "இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாதாம்டா. கையெழுத்துப் போடுங்க," என்றார்.

மாதாமாதம் இரண்டு சோதனைகள். ஒன்று, குழாயில் ஊதுவது. அதற்கு நான் பக்கத்தில் நின்று, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்," என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் ஊதமாட்டார்கள். அடுத்த அறையில் பல் பிடுங்கவந்த ஒருவர் பயந்து எழுந்து போயிருக்கிறார்.

இன்னொன்று ஆறு நிமிட நடை. அதற்கு நேர் எதிரான சட்டம். முப்பது மீட்டர் வராந்தாவை டாக்டரே முழங்காலிட்டு டேப் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருந்தார். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை அச்சடித்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சொல்லலாம்: "நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது." அப்புறம் நான்கு நிமிடம். அவ்வளவுதான். ஒரு சொல் கூடக்கூடாது. கூடுதலாக உற்சாகப்படுத்தினால் கூடுதலாக நடந்துவிடுவார்களாம்.

விரலில் ஆக்சிஜன் கிளிப்போடு வெங்கடப்பா நடந்துகொண்டே பேசுவார்.

"உங்க ஊரு எதும்மா?"

நான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"மதுரைப் பக்கம்னாங்க. மழை உண்டுங்களா?"

"நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது."

"அத்த நான் கேக்கலியே. கோவமாம்மா?"

ஆறு நிமிடம் முடிந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, "கோவமெல்லாம் இல்லங்க. சட்டம்," என்பேன். "சட்டம் நம்ம வாயத்தான் மொதல்ல புடிக்குது," என்பார்.

முதல் இரண்டு மாதம் மத்தூர்க்காரர்களின் காலி உறைகள் ஆளுக்கு மிகச் சரியாக அறுபது வந்தன. ரப்பர் பேண்ட் போட்டு, பத்துப் பத்தாகக் கட்டி. ஓசூர்க்காரர்கள் பாதியை மறந்துவிட்டு, "குழந்தை கிழிச்சிடுச்சு," "பைக்ல பறந்துடுச்சு" என்று காரணம் சொல்வார்கள். நான் மத்தூர்க் கட்டுகளைப் பெருமையோடு டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு கட்டை எடுத்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டே, "அஞ்சு பேரும் ஒரு வேளை கூட மறக்கலையா? நானே என் பிரஷர் மாத்திரையை வாரத்துல ஒரு நாள் மறந்துடறேன்," என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் இரண்டு விஷயம் நடந்தது. ஐந்து பேரும் முன்பைவிட அதிக தூரம் நடந்தார்கள். மூச்சிரைப்பும் குறைந்திருந்தது. கூம்பைச் சுற்றித் திரும்புவது ராணுவ அணிவகுப்பு போல இருந்தது. ஒரு காலடி வீணாகவில்லை. மாங்கொட்டை வேலை செய்கிறது என்றே நினைத்தேன்.

இரண்டாவது விஷயம், பக்கவிளைவு கேட்கும் பக்கத்தில் வந்தது. ஒரு பெண்ணிடம் சொல்லக் கூச்சப்பட்டு நால்வரும் கூரையைப் பார்த்தார்கள். வெங்கடப்பாதான் வாயைத் திறந்தார்.

"மேல மூச்சு நல்லா எறங்குதும்மா. கீழதான் ஒண்ணும் எறங்கல."

"எத்தனை நாளா?"

"வாரத்துக்கு மேல ஆச்சுங்க. எல்லாருக்கும்தான். இவனுங்க சொல்லமாட்டானுங்க."

ஐந்து பதிவேட்டிலும் 'மலச்சிக்கல்' என்று எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓசூர்க்காரங்களுக்கு?"

"யாருக்கும் இல்ல டாக்டர்."

"சீட்டுக் குலுக்கிப் போட்டது, சந்திரா சிஸ்டர். ஒரு பஸ்ல வந்த அஞ்சு பேருக்கும் ஒரே சீட்டா விழும்? விழுந்தாலும், அதே பொடி சாப்பிடற ஓசூர்க்காரங்க வயிறு மட்டும் எப்படி நல்லா இருக்கு?" 'சிஸ்டர்' வந்துவிட்டது. "நாளைக்கே அந்த ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. ஃபாரம் எடுத்துக்காதீங்க. கண்ணை எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, மத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். மாம்பழக் காலம். லாரிகளுக்குப் பின்னால் ஈ வருகிறது என்று சொல்ல முடியாது, ஈக்களுக்கு நடுவில் லாரி போகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே அவர்களைப் பார்த்துவிட்டேன். பஸ் நிழற்குடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் தரையோடு ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அதன் ஓரமாக ஐந்து பேரும் வரிசையாகப் போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு முனையில் செங்கல், மறுமுனையில் பெயின்ட் டப்பா. வெங்கடப்பாவின் மனைவி நாகம்மா, மடியில் கடிகாரமும் ஒரு கையில் எவர்சில்வர் தட்டும் மறுகையில் கரண்டியுமாக, கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்ததும் கரண்டியால் தட்டில் ஓங்கி ஒரு அடி. ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

"என்னங்க இது?" என்றேன்.

வெங்கடப்பா மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். "பிராக்டீசும்மா. தெனமும் காலைல ஆறு தடவ. நடுவுல உக்காந்துக்குவோம். மொத ரெண்டு வாரம் ரெண்டு தடவைக்கே நாக்குத் தள்ளிச்சு."

"எதுக்கு?"

"நடை கொறைஞ்சா பேர எடுத்துட மாட்டீங்களா? பெயிலானவன ஆருங்க வெச்சிருப்பாங்க?"

நடப்பது பரீட்சை அல்ல, குறைந்தாலும் யாரையும் வெளியே அனுப்பமாட்டோம் என்று நான் அவர்களிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வராந்தாவில் ஸ்டாப்வாட்ச்சோடு முறைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நாகம்மா, "ரா அம்மா, கூச்சோ," என்று தெலுங்கில் வந்து உட்காரச் சொல்லி, என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார். வாசலில் தார்ப்பாயில் மாங்கொட்டைப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மிக்சி, சல்லடை, வறுத்த பருப்பின் வாசனை. அலமாரியில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா. அதன் பக்கத்தில் ஐந்து ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நான் டப்பாவைத் திறந்தேன். எங்கள் பொடி. பாக்கெட்டில் இருக்கவேண்டிய பொடி, கிலோக்கணக்கில் மாவு போல.

"இது என்னங்க?"

வெங்கடப்பா கொஞ்சமும் ஒளிக்கவில்லை. "நீங்கதான சொன்னீங்க, பாதிப் பேருக்கு நெசம், பாதிப் பேருக்குப் பொய்யின்னு. நாங்க அஞ்சு பேரும் ஒரே தூசியத் தின்னவங்க. இவன் பொழைக்கறதும் நான் சாகறதும் உங்க சீட்டுல இருந்தா அது என்னாங்க நாயம்? அதான், பாக்கெட்டு வந்த அன்னிக்கே எல்லாத்தையும் பிரிச்சு இதுல கொட்டிக் கலக்கிடுவோம். நாகம்மா ஸ்பூன்ல அளந்து அஞ்சு பாட்டில்ல போட்டுடும். ஆருக்கும் முழுசு வேணாம். எல்லாருக்கும் கொஞ்சம் நெசம் போயிடுதில்ல?"

"அப்ப இந்தப் பருப்பு?"

நாகம்மா வெட்கத்தோடு சிரித்தார். "பொய்யு கலந்தா பலம் கம்மி ஆவுது இல்லியா? அதுக்கோசரம் நானு வறுத்து அரச்சு கொஞ்சம் சேத்தேன்."

வயிற்றுப்போக்கை நிறுத்தப் பாட்டி வைத்தியத்தில் கொடுக்கும் மாம்பருப்பை, நன்றாக இருந்த ஐந்து வயிற்றில் தினம் இரண்டு வேளை போட்டிருக்கிறார்கள். கீழே ஒன்றும் இறங்காததில் அதிசயமே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்த நிமிடம் அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன். வீட்டுப் பருப்பை உடனே நிறுத்தச் சொன்னேன். டப்பாவையும் பாட்டில்களையும் பையில் எடுத்துக்கொண்டேன். வெங்கடப்பா ஆட்டோவரைக்கும் கூடவே வந்தார்.

"நாங்க பண்ணது தப்புங்களா?"

"ஆராய்ச்சிக்குத் தப்புங்க."

"மத்தபடி?"

நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பருப்பு சாப்பிட்டார்கள் என்று மட்டும் எழுதினால் போதும்; மலச்சிக்கலுக்குக் காரணம் கிடைத்துவிடும். டப்பாவைப் பற்றி எழுதினால், ஐந்து பேரின் கணக்கும் போய்விடும், அறுபது அறுபதாக எண்ணி மகிழ்ந்த என் மானமும் போய்விடும், ஒருவேளை அவர்களுக்கு டாக்டரின் கவனிப்பும் போய்விடும். சூளகிரி வரும்வரை டப்பா அறிக்கையில் இல்லை. அதற்கு அப்புறம் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். கோட்டுக்கு அடியில் தப்பைப் படிக்க முடியவேண்டும் என்று மூன்று வருஷமாக ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது டப்பா அறிக்கைக்குள் வந்துவிட்டது.

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்தார். எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். 'மேடம்' வரப்போகிறது என்று நின்றிருந்தேன். வெளியே ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சுக் கூம்பைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பத்மாவதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உள்ளே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சந்திரா, உக்காரு. இதுல தப்பு அவங்க மேல இல்ல. 'பொய் வாங்கினவன் என்ன பண்ணுவான்'னு அவங்க கேட்டிருக்காங்க. நம்ம பதினாறு பக்கப் படிவத்துல அதுக்குப் பதிலே இல்ல." அன்றே எத்திக்ஸ் கமிட்டிக்குக் கடிதம் போனது. படிவத்தில் புதுக் கேள்விகள் சேர்க்கச் சொன்னார். பொடியைப் பங்கிட்டீர்களா என்பது பதிமூன்றாவது. மாங்கொட்டை பதினாலாவது.

அடுத்த வாரம் கம்பெனியின் கண்காணிப்பாளர் கிரண் வந்தார். பெங்களூர்ப் பையன், நல்லவன். மாநில எல்லையில், ஜூஜுவாடியில், லாரிகளுக்குள் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி எப்போதும் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். எங்கள் கடிதத்தைப் படித்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க. இந்த அஞ்சு பேர்தான் ரொம்ப நல்லா நடந்திருக்காங்க. இவங்க இருந்தா ரிசல்ட் பாக்க நல்லாயிருக்கும். கலந்து சாப்பிட்டாலும் உள்ள போனது நம்ம பொடிதானே? மலச்சிக்கல் மட்டும் ரிப்போர்ட் பண்ணிட்டு, அந்த டப்பா..."

டாக்டர் இரண்டு கைகளையும் கூப்பினார். "மரியாதைக்குரிய கிரண் அவர்களே," என்றார்.

நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்கத் தைரியம் இல்லை. கால் மணி நேரம் கழித்துக் கிரண் வெளியே வந்து, "சிஸ்டர், தண்ணி இருக்கா?" என்று கேட்டார். டப்பா அறிக்கையில் அப்படியே இருந்தது.

அடுத்த முறை ஐந்து பேரும் வந்தபோது பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பேர் எடுத்தாகிவிட்டது என்றே நினைத்து, வெங்கடப்பா பழைய எக்ஸ்ரேக்களைத் திருப்பி வாங்கிப்போகப் பை கொண்டுவந்திருந்தார். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"பொடியை நிறுத்தறோம். உங்களை நிறுத்தலை. மாசாமாசம் வரணும், ஊதணும், நடக்கணும். கடைசிவரைக்கும் பார்ப்போம்."

"கொறைஞ்சாலும்?"

"குறைஞ்சாலும்."

"அப்ப அந்தக் கயித்த அவுத்துடலாம்டா," என்றார் ஐவரில் ஒருவர், நிம்மதியாக.

டாக்டர் நிமிர்ந்தார். "எந்தக் கயிறு?" என் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அது இருந்தது, டப்பாவின் சிரிப்பில் அவர் மறந்துபோயிருந்தார். வெங்கடப்பா செங்கல், பெயின்ட் டப்பா, தட்டு என்று எல்லாவற்றையும் விவரித்தார். டாக்டர் குறிப்பு எடுத்துக்கொண்டே கேட்டார். எத்தனை தடவை, நடுவில் எவ்வளவு நேரம் உட்காருவார்கள், முதல் வாரம் எப்படி இருந்தது, இப்போது எப்படி. கடைசியில், "கயிற்றை அவுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் கெட்டியா கட்டுங்க," என்றார்.

ஆராய்ச்சி முடிந்து உறைகளைப் பிரித்த அன்று, ஐந்து பேரையும் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். விடையைத் தபாலில் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாகம்மாவும் வந்திருந்தார்.

"உங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு நிஜம். மூணு பேருக்கு வெறும் பொடி," என்றார் டாக்டர்.

"எனக்கு?"

"உங்களுக்கு நிஜம், வெங்கடப்பா."

மற்ற நால்வரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. பிறகு சிரித்தார். "பாத்தீங்களாடா, எம் பங்கத்தான் தின்னிருக்கீங்க."

"இன்னும் முடிக்கலை," என்றார் டாக்டர். "உங்களைச் சேத்தும் கணக்குப் பாத்தோம், விட்டுட்டும் பாத்தோம். ரெண்டுலயும் ஒண்ணுதான். நிஜப் பொடி சாப்பிட்டவங்களுக்கும் வெறும் பொடி சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. மாங்கொட்டை வேலை செய்யலை."

நாகம்மாவுக்கு வெங்கடப்பா தெலுங்கில் சொன்னார். அவர் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"அப்ப எங்களுக்கு மூச்சு நல்லாத்தான இருந்துச்சு? அது பொய்யா?" என்று வெங்கடப்பா கேட்டார்.

"அது நிஜம். நடந்தீங்க இல்ல, அதனால. வடு போகலை, அது போகாது. கால்ல பலம் ஏறினதால, அதே நுரையீரலை வெச்சுக்கிட்டு அதிக தூரம் போறீங்க. நான் புத்தகத்துல படிச்சிருக்கேன். ஆனா மாங்கொட்டைக்குக் கொடுத்த கவனத்தை அதுக்குக் குடுக்கலை. அது என் தப்பு."

ஒரு டாக்டர் நோயாளிகளிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். வெங்கடப்பா எழுந்து நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "தப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உக்காருங்க," என்றார். டாக்டர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வராந்தாவில் நடைவகுப்பு தொடங்கியது. தழும்பு நுரையீரல்காரர்கள் எல்லோரும் வரலாம். அங்கே நான் வாய் வலிக்கப் பேசலாம். என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் அந்த வகுப்போடுதான் போனது. மருந்தை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, செவ்வாய்க்கிழமையை விட்டவர்கள் குறைவு.

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வர ரொம்ப நாள் ஆனது. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் வெளியிட வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். அது வந்த சமயத்தில் வெங்கடப்பாவால் கயிற்றின் பக்கம் போக முடியவில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். அதற்குப் பிறகு சில மாதங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டுரை கைக்கு வந்ததுமே அவரிடம் அதைக் காட்ட வேண்டும் என்று நானே பஸ் ஏறிப் போனேன்.

ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சடித்த ஏழு பக்கம். அவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க பேரு போட்டிருக்குதாம்மா?"

"பேரு போடக்கூடாதுங்க. ஆனா உங்களப் பத்தி ஒரு வரி இருக்கு."

"படிங்க."

தமிழில் சொன்னேன். "ஒரே ஊரைச் சேர்ந்த ஐந்து பேர், தங்களுக்குக் கொடுத்த பொடியை ஒன்றாகக் கலந்து, சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் இரண்டு மூன்று முறை மூச்சு விட்டது.

"சமமான்னு போட்டிருக்குதா? இல்ல நீங்களா சொல்றீங்களா?"

இன்னொருமுறை பார்த்தேன். இருந்தது. அந்த வரிக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. கலந்தார்கள், பங்கிட்டார்கள் என்றாலே ஆராய்ச்சிக்குப் போதும். கிரண் எழுதியிருக்க மாட்டார். மேஜையில் குனிந்து டாக்டர்தான் அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

"போட்டிருக்குங்க."

அவர் தலையைத் திருப்பி அடுப்படிப் பக்கம் பார்த்து, இரண்டு மூச்சில் தெலுங்கில் ஏதோ சொன்னார். நாகம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தின் மேல் குனிந்தார். படிக்கத் தெரியாது. அந்தச் சொல் எது என்று என்னைக் கேட்டார்.

விரல் வைத்துக் காட்டினேன்.

"ஸ்பூன் நாந்தான் புடிச்சேன்," என்றார்.